மறைக்கதவின் முன் ஒரு சிறுமொழி

திருத்துறைப்பூண்டியிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வேதாரண்யம். பழைய பெயர் திருமறைக்காடு. வேதங்கள் நேரில் வந்து சிவனை வழிபட்டு, போகும்போது கோயிலின் நேர்வாசலை அடைத்துவிட்டுப் போயின என்பது தலபுராணம். அதற்குப் பிறகு ஊரார் வேறு வாசல் வழியாகத்தான் போய்வந்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் அங்கே வந்தபோது திறக்க ஒருவர் பாடினார், அடைக்க ஒருவர் பாடினார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். அப்பர் பதிகம் முழுவதையும் பாடிய பிறகுதான் தாழ் நீங்கியது. சம்பந்தர் பாடத் தொடங்கியதுமே கதவு மூடிக்கொண்டது. காவிரி டெல்டாவின் தென்கோடியில் இந்தக் கதையைக் கேட்டு வளராத சைவக் குடும்பம் அரிது.

அற்புதமாக எடுத்துக்கொண்டாலும் சரி, வரலாற்றுக் குறிப்பாக எடுத்துக்கொண்டாலும் சரி, அந்தக் கதைக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. வேதம் பூட்டியதைத் தமிழ் திறக்கலாமா? திறக்கலாம் என்று கதவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாய்மொழியில் கூப்பிட்டால் சாமிக்குக் கேட்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் தமிழ்ப் பக்தி இயக்கம் எழுந்தது. அந்த நம்பிக்கையைத் தமிழோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

வேதாரண்யம், வேளாங்கண்ணி, நாகூர் என்று இந்தக் கடலோரத்தில் எங்கே திருவிழா நடந்தாலும் பாசிமணி, ஊசிமணி விற்கும் நரிக்குறவர் குடும்பங்களைப் பார்க்கலாம். வாங்க வருகிறவர்களிடம் தமிழில் விலை சொல்வார்கள். பக்கத்தில் விளையாடும் பிள்ளையை அதட்டும்போது மொழி மாறிவிடும். அது வாக்ரிபோலி. திராவிட மொழி அன்று. குஜராத்தி, ராஜஸ்தானி, மராத்தி மொழிகளின் சொந்தம் சொல்லும் இந்தோ-ஆரிய மொழி. பேசுகிறவர்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதற்குத் தனி எழுத்து இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-இல் ஜி. சீனிவாச வர்மா எழுதிய ஆய்வு நூலை வெளியிட்டது. அது மொழியியல் படித்தவர்களுக்கான நூல். தன் பேத்திக்கு ஒரு பறவையின் பெயரைச் சொல்லித்தர நினைக்கும் வாக்ரிப் பாட்டிக்கு அந்தப் புத்தகத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

பறவைப் பெயர்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டைக்கார மக்களான வாக்ரிகளின் தொழில் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. காட்டைக் காக்க அந்தச் சட்டம் வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் தொழில் போனால் தொழிலின் சொற்களும் கூடவே போகும். வலை, கண்ணி, தடம், இரை, இறகு, காற்று வீசும் பக்கம் என்று ஒரு வேட்டைக்காரர் பிரித்தறிந்து பெயரிட்டதெல்லாம் மணி கோக்கும் தலைமுறைக்குத் தேவைப்படாது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது. சான்றிதழுக்கு வழி பிறந்தது. மொழிக்கு என்ன வழி?

சமயங்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லும். விவிலியத்தின் பாபேல் கோபுரக் கதையில் பல மொழிகள் என்பது மனிதச் செருக்குக்குக் கிடைத்த தண்டனை. அதே விவிலியத்தில் பெந்தகோஸ்து நாளில் அவரவர் மொழியில் நற்செய்தி கேட்பது வரமாகிவிடுகிறது. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகக் குர்ஆன் எண்ணுகிறது. தன் போதனையைச் செம்மையான வேதமொழி நடையில் மாற்றித் தரட்டுமா என்று பிராமணக் குலத்தில் பிறந்த இரு பிக்குகள் கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டதாக விநய பிடகம் சொல்கிறது. மீமாம்சகர்களுக்குச் சொல்லும் பொருளும் சேர்ந்த உறவு அநாதியானது. நியாயவாதிகளுக்கு அது இயல்பாக அமைந்ததன்று, ஏற்பாட்டால் வந்தது. மீமாம்சகர் சொல்வது சரியென்றால் ஒரு மொழி மறைவது பிரபஞ்சத்தில் விழும் ஓட்டை. நியாயவாதிகள் சொல்வது சரியென்றால், தலைமுறைகள் சேர்ந்து காத்த ஓர் ஒப்பந்தம் சாட்சியில்லாமல் கிழிகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இழப்பு இழப்புதான்.

அந்த இழப்பைத் தடுக்க இன்று கையில் இருக்கும் கருவிகள் எளியவை. சிறுமொழிகளுக்கு அகராதி செய்கிறவர்கள் உலகமெங்கும் அதிகம் பயன்படுத்துவது ஃபீல்டுவொர்க்ஸ் என்ற மென்பொருள். இலவசமானது, மடிக்கணினியில் நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். ஒரு சொல்லை உள்ளிட்டு, அதன் கீழே தமிழில் பொருள், ஆங்கிலத்தில் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம், சொன்னவரின் குரல், பொருளின் படம் என்று எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம். தமிழிலிருந்து வாக்ரிக்குத் திருப்பித் தேடும் பட்டியலை அதுவே தயாரித்துவிடும். இரண்டு ஊர்களில் இரண்டு பேர் வேலை செய்தால் இருவர் செய்ததையும் ஒரு பென் டிரைவ் வழியாகவே இணைக்கலாம். தொகுப்பு முடிந்ததும் டிக்‌ஷனரி ஆப் பில்டர் என்ற இன்னொரு கருவி அதை ஆண்ட்ராய்டு கைபேசிச் செயலியாக்கிவிடும். அந்தச் செயலி ப்ளூடூத்திலோ மெமரி கார்டிலோ கைமாறும். டேட்டா தீர்ந்தாலும் தேடும், ஒலிக்கும்.

இணையம் வேண்டாம் என்பதன் அருமை இந்தப் பக்கத்து மக்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது மின்கம்பங்களும் கைபேசிக் கோபுரங்களும் சேர்ந்தே விழுந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. இணைய மேகத்தில் சேமித்த எந்த அகராதியும் அந்த நாட்களில் ஒருவருக்கும் உதவியிருக்காது.

இந்தக் கருவிகளின் முன்னோடிக்கு ஷூபாக்ஸ் என்று பெயர். 1980களில் உருவானது. அதற்கு முன்பு மொழி ஆய்வாளர்கள் சொல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டாக எழுதிக் காலணிப் பெட்டிகளில் அடுக்கி வைப்பார்கள். அந்தப் பெட்டியின் பெயரே மென்பொருளுக்கு வந்தது. பின்னாளில் அது டூல்பாக்ஸ் ஆனது. ஷூபாக்ஸ், டூல்பாக்ஸ், ஃபீல்டுவொர்க்ஸ், ஆப் பில்டர் நான்கையும் உருவாக்கியது ஒரே நிறுவனம்: எஸ்.ஐ.எல். உலக மொழிகளுக்கு மூன்றெழுத்து அடையாளக் குறி தரும் பதிவேட்டையும் அதுதான் பராமரிக்கிறது. வாக்ரிபோலிக்கும் அங்கே ஒரு குறி உண்டு.

எஸ்.ஐ.எல். 1934-இல் அமெரிக்காவில் வில்லியம் கேமரன் டவுன்சென்ட் தொடங்கிய கோடைக்காலப் பயிற்சி முகாமாகப் பிறந்தது. எழுத்தில்லாத மொழிகளைக் கற்று, இலக்கணமும் அகராதியும் செய்து, அவற்றில் விவிலியத்தை மொழிபெயர்க்க ஆட்களைத் தயாரிப்பது நோக்கம்.

இங்கேதான் பலருக்குத் தயக்கம் வருகிறது. அம்மனுக்குப் பலி கொடுத்து வழிபடும் ஒரு சமூகத்தின் சொற்களைச் சேகரிக்க, அந்த வழிபாட்டை மாற்ற விரும்பிய ஒரு மரபின் கருவியை எடுக்கலாமா? ஒரு நோக்கத்தோடு செய்யப்பட்ட கருவி, அந்த நோக்கத்தைத் தன்னோடு கொண்டுவராதா? மதமாற்றம் பற்றிய தெருச்சண்டைக்குள் இழுத்துவிடாமல் இந்தக் கேள்வியை அதற்குரிய கௌரவத்தோடு எதிர்கொள்ள வேண்டும். எதிர்கொள்ள ஏற்ற இடம் தூரத்தில் இல்லை. இதே கடற்கரையில் வடக்கே தரங்கம்பாடி இருக்கிறது.

1706 ஜூலையில் பர்த்தலோமியு சீகன்பால்க் அங்கே வந்து இறங்கினார். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியப் பாதிரி, இருபதுகளில் இருந்த இளைஞர். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வயதான ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். பிறகு சுவடிகளைத் தேடி வாங்கினார், வாங்க முடியாதவற்றை நகலெடுக்க வைத்தார். 1708-இலேயே தன்னிடமிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். படித்ததில் கிடைத்த சொற்களை ஓலையில் அகராதியாகத் தொகுத்தார்: உரைநடைச் சொற்களுக்கு ஒன்று, செய்யுள் சொற்களுக்கு ஒன்று. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அகராதியின் பயன் அதுதான், அவர் கணக்கில்.

கணக்கு அதோடு முடியவில்லை. 1713-இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையைப் பற்றி ஒரு பெரிய நூலை ஜெர்மன் மொழியில் எழுதி, மிஷனை வழிநடத்திய ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். ஐயனார், மாரியம்மன், காளி என்று கிராமத் தெய்வங்களும் அதில் உண்டு. அங்கே மிஷனின் தலைவராக இருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் வாதம். நூல் ஒன்றரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்து, 1867-இல் சென்னையில் அச்சானது. பிராங்கே பயந்ததில் ஓர் உண்மை இருந்தது. மறுப்பதற்காகக் கேட்கப் போன சீகன்பால்க், கேட்கக் கேட்கப் பதிவு செய்கிறவராகிவிட்டார். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத வேண்டுமானால் அதைச் சொல்கிறவர் அதனால் எதை உணர்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். அந்த வேலையை நேர்மையாகச் செய்கிறவர் எந்த நோக்கத்தோடு வந்திருந்தாலும், எதிரில் இருப்பவருக்குக் காது கொடுத்தே தீர வேண்டும்.

தமிழும் இப்படி வந்த மிஷனரிகளிடம் பட்ட கடனில்தான் வளர்ந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732. பப்ரிசியஸின் அகராதி 1779. வின்சுலோ 67,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு 1862-இல் வெளியிட்டது இன்றும் மறுபதிப்பாகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கு முதல் பதிப்பாசிரியர் ஜே.எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்க மிஷனரி. அவருக்குப் பின் வந்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1936-இல் முடித்து வைத்தார். சிவபூசை செய்கிறவரும் பெரியார் வழி நடக்கிறவரும் ஒரே அகராதியைப் புரட்டுகிறார்கள். வின்சுலோவின் சமயம் அவர்கள் கையில் ஒட்டவில்லை. ஆகவே கருவி யாருடையது என்ற கேள்விக்கு விடை இருக்கிறது: எடுக்கலாம். ஆனால் இந்தப் பெருமித வரலாற்றில் விடுபட்டது ஒன்றும் உண்டு. அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயரை ஊரில் யார் சொல்கிறார்கள்? தொகுத்தவரின் பெயர் அட்டையில் நின்றது, சொன்னவர்களின் பெயர் மணலோடு போயிற்று.

கருவிக்குள் இருக்கும் நோக்கத்தைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டியது கருவிக்குள் இருக்கும் வரிசை. சொற்களை வேகமாகத் திரட்ட எஸ்.ஐ.எல். ஒரு பொருட்களப் பட்டியல் வைத்திருக்கிறது. ஏறத்தாழ 1,800 தலைப்புகள். ஊரின் பெரியவர்களையும் எழுதத் தெரிந்த இளையவர்களையும் குழுக்களாக உட்காரவைத்து, ஒவ்வொரு தலைப்பாகக் கேட்டுக்கொண்டே போனால் இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கில் சொற்கள் வந்துவிடும். அருமையான முறை; அகர வரிசையில் யோசிக்கச் சொன்னால் எவருக்கும் சொல் வராது, கல்யாணம், மழை, நோய் என்று கேட்டால் கொட்டும். பட்டியலின் முதல் தலைப்பு பிரபஞ்சம், படைப்பு. நான்காம் பகுதியில் சமயம் வருகிறது. அதன் முதல் உட்தலைப்பு கடவுள், ஒருமையில். மற்ற தெய்வ சக்திகள் அடுத்த தலைப்புக்குப் போகின்றன. நெல் சாகுபடிக்கு ஆறாம் பகுதியில் ஒரு சிறு இடம் உண்டு. நாற்று, நடவு, களை, கதிர், களம் என்று வாழ்நாளையே நெல்லால் அளக்கும் டெல்டா விவசாயி அந்தப் பட்டியலை எழுதியிருந்தால் முதல் பகுதி முழுவதும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

எந்த வரிசையும் வெறும் வசதிக்காக வருவதில்லை. தமிழின் பழைய சொற்பட்டியலான திவாகர நிகண்டு இந்தச் சோழநாட்டிலேயே பிறந்தது. அம்பர் நகர்ச் சேந்தன் ஆதரவில் திவாகரர் செய்ததால் அதற்குச் சேந்தன் திவாகரம் என்று பெயர். அம்பர் இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. 12 தொகுதிகள், முதலில் தெய்வப் பெயர்கள், அடுத்து மக்கள், விலங்கு, மரம், இடம் என்று உலகம் மேலிருந்து கீழே இறங்குகிறது. பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். கையில் ஏடு இல்லாமல் தேடக்கூடிய அகராதி அது. 1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் அகராதி நிகண்டில் சொற்களை எழுத்து வரிசைக்கு மாற்றினார். அந்த மாற்றத்தில் கடவுளும் கத்தரிக்காயும் ஒரே ‘க’வின் கீழ் வந்துவிட்டார்கள். தத்துவத்தில் பெரும் போராட்டத்துக்குப் பின் கிடைக்கும் சமத்துவம் அகர வரிசையில் சும்மா கிடைத்தது.

ஃபீல்டுவொர்க்ஸின் நல்ல குணம், அந்தப் பட்டியலைத் திருத்திக்கொள்ள அது தடை போடுவதில்லை. தலைப்புகளைச் சேர்க்கலாம், நீக்கலாம், இடம் மாற்றலாம். வாக்ரிக் குடும்பங்களில் தலைமுறையாகக் கைமாறிவரும் சாமி மூட்டை இருக்கிறது. அம்மனின் உருவமும் பூசைத் துணிகளும் கட்டிய அந்த மூட்டைதான் அவர்களுக்குக் கோயில். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் தெய்வம், தன் பலி, தன் முறை. ‘கடவுள்’ என்ற ஒருமைத் தலைப்பில் அது அடங்காது. முதலில் அவர்கள் எப்படி வகுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அந்த வகுப்பையே கணினியில் ஏற்றுவதுதான் முறை. நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

கேட்டாலும் சொல்லாமல் இருக்கும் உரிமையும் அவர்களுடையது. சாமி மூட்டையை வெளியார் தொடுவதை அவர்கள் ஒப்புவதில்லை. மூட்டைக்குரிய சொற்களையும் அப்படியே நினைத்தால் அகராதி அந்த இடத்தில் மௌனமாக இருக்க வேண்டும். நீலகிரியில் இதற்குப் பழைய பாடம் இருக்கிறது. 1901-02-இல் மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் தோடர் பழங்குடியினரிடையே தங்கி அவர்களின் பால்மடச் சடங்குகளையும் அங்கே சொல்லப்படும் வேண்டுதல்களையும் விரிவாகக் குறித்தார். 1906-இல் வந்த அவரது நூல் மானுடவியலில் முக்கியமானது. சொல்லக்கூடாததை அந்நியரிடம் சொன்னதால்தான் தங்களுக்குத் துன்பங்கள் நேர்ந்தன என்று தோடர்கள் கருதினார்கள் என்பதையும், அதன்பிறகு தகவல் சொல்ல ஆட்கள் பின்வாங்கினார்கள் என்பதையும் ரிவர்ஸே எழுதியிருக்கிறார். தெய்வம் கோபித்ததா இல்லையா என்பது வேறு விவாதம். ஒரு மனிதர் தன் அச்சத்தையும் மீறிச் சொன்ன சொல் நூலகத்தில் சுகமாக இருக்கிறது. அச்சத்தைச் சுமந்தவர் அவர். பகிர்ந்தால்தான் அறிவு என்ற நவீன நம்பிக்கை இந்த இடத்தில் கொஞ்சம் அடங்கி நிற்க வேண்டும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடும் இணைய அகராதியைவிட, சமூகத்தின் கைபேசிகளுக்குள் மட்டும் சுற்றும் செயலி இந்த மரியாதைக்குத் தோதானது. எதைச் சேர்ப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு கொடுக்கிறவர் கையிலேயே இருக்கிறது.

இன்னோர் எதிர்ப்பு தத்துவத்திலிருந்து வருகிறது. வாக்கியபதீயம் எழுதிய பர்த்ருஹரிக்கு வாக்கியம்தான் முழுமை; சொற்கள் அதிலிருந்து நாம் அறுத்தெடுத்தவை. அப்படியானால் அகராதி என்பது அறுபட்ட துண்டுகளின் கிடங்கு. பேச்சு நின்றபின் துண்டுகளைச் சேர்த்து மொழியை எழுப்ப முடியாது. இந்த எதிர்ப்பில் நியாயம் நிறைய இருக்கிறது. அந்தமானில் போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று இறந்தார். அவரோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து வேலை செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி, பேச ஆளில்லாத அந்த மூதாட்டி பறவைகளோடு பேசிக்கொண்டிருந்ததை எழுதியிருக்கிறார். பறவைகள் அவருக்கு முன்னோர்கள். அப்பி பிறகு ஆங்கிலம், போ அடங்கிய பெரிய அந்தமானியம், இந்தி மூன்றிலும் பொருள் சொல்லும் அகராதியைக் குரல் பதிவுகள் அடங்கிய குறுந்தட்டோடு வெளியிட்டார். அந்த அகராதி போ மொழியைத் திரும்பப் பேச வைக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லோடு ஒரு முழு வாக்கியமும், அதைச் சொன்னவரின் குரலும் சேர்ந்திருந்தால் பர்த்ருஹரியின் எதிர்ப்பு பாதி தணிகிறது. அறுத்த துண்டில் வேர் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஆகவேதான் கருவியில் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கான இடத்தைக் காலியாக விடும் அகராதியை அரைகுறை என்றே சொல்ல வேண்டும். மீதிப் பாதி தணிய, பேசுகிறவர்கள் உயிரோடிருக்கும்போதே அது அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். வாக்ரிபோலிக்கு அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள்.

திரும்பப் போய்ச் சேர்வது என்றால் என்ன என்று திருத்துறைப்பூண்டி வட்டாரத்துக்குத் தெரியும். இந்த ஊருக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தினார். 2018 டிசம்பர் 6-இல் மறையும் வரை அவர் மீட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் 174. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, உப்பு மண்ணைத் தாங்கும் குழியடிச்சான். திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அதே ரகத்தில் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையை யாரும் குளிர்பதனக் கிடங்கில் வைத்துப் பூட்டவில்லை. வயலில் போட்டால்தான் கடன் தீரும், கடன் தீர்ந்தால்தான் இன்னொருவருக்கு விதை. ரகத்தோடு ரகத்தின் பெயரும் பிழைத்தது. 30 வயது விவசாயி வாயில் இன்று குழியடிச்சான் என்ற சொல் சரளமாக வருகிறதென்றால், அந்த நெல் மறுபடி அவர் வயலுக்கு வந்ததுதான் காரணம்.

மொழி ஆய்வு பெரும்பாலும் இந்த விதியைப் பின்பற்றியதில்லை. சொல் ஊரிலிருந்து புறப்படும், முனைவர் பட்டமாகும், நூலாகும், ஆவணக் காப்பகத்தில் எண் பெறும். ஊருக்கு ஒன்றும் திரும்பாது. யாரும் திருட நினைத்ததால் இப்படி ஆகவில்லை. திருப்பித் தர வழி இல்லாதிருந்தது. ஓர் அகராதியை அச்சிட்டு எழுத்தறியாத குடியிருப்பில் கொடுத்து என்ன செய்வது? அந்தச் சாக்கு இன்று இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைத் தொட்டுக் குரலைக் கேட்கலாம். தன் தாத்தாவின் குரலையே கேட்கலாம். இணையம் இல்லாத பல்மொழி அகராதியின் அறம் இங்கே இருக்கிறது: திருப்பிக் கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு அது இடம் வைக்கவில்லை. சிறுமொழியைக் காப்பதைப் பலர் புண்ணிய காரியமாகப் பேசுகிறார்கள். புண்ணியம் செய்கிறவர் கணக்கில் ஏறும். இது கடன், வாங்கியவர் தீர்க்க வேண்டியது, தீர்த்ததற்குப் பாராட்டை எதிர்பார்க்க முடியாதது.

தமிழர்களுக்கு இந்தக் கடன் கூடுதல். பெரிய மொழிகளின் நிழலில் தன் உரிமைக்காக வாதாடிய மொழி தன் தெருவிலேயே பேசப்படும் வாக்ரிபோலியையும், இருளர் மொழியையும், 2011 கணக்கெடுப்பில் 2,47,702 பேர் பேசியதாகப் பதிவான சௌராஷ்டிரத்தையும் எப்படி நடத்துகிறது என்பது அந்த வாதத்தின் நேர்மையைச் சோதிக்கும். சௌராஷ்டிர எழுத்துக்கு 2008-இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. அதற்காக உழைத்த மக்கள் இருந்தார்கள். வாக்ரிகளுக்கு அப்படி ஒரு படித்த, வசதியுள்ள அடுக்கு உருவாகவில்லை. தொல்காப்பியர் செந்தமிழ் நிலத்தைச் சுற்றியிருந்த ஊர்களின் பேச்சையும் திசைச்சொல் என்று பெயரிட்டு இலக்கணத்துக்குள் அமர்த்தினார். அக்கம்பக்கத்துப் பேச்சுக்குக் காது கொடுப்பது நமக்குப் புதிய பழக்கமில்லை. தஞ்சை அரண்மனையில் மராட்டிய மன்னர் சாகஜி ஐந்து மொழிகள் பேசும் ஒரே நாடகத்தை எழுதியதும் இந்த ஆற்றுப் படுகையில்தான்.

வேலையைத் தொடங்கத் தேவையானதெல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 முதல் இயங்குகிறது. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் 2009 முதல். மென்பொருள் இலவசம். ஒரு மடிக்கணினி, ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி, வாக்ரி பேசும் இளைஞர்களுக்கு உரிய ஊதியம், சில மாதப் பொறுமை போதும். தொகுப்பாசிரியர் இடத்தில் சொன்னவர்களின் பெயரைப் போடுங்கள், அவர்கள் ஒப்பினால். சாமி மூட்டைக்குரிய சொற்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். செயலி தயாரானதும் முதல் பிரதி சொல்லிக்கொடுத்தவர்களின் கைபேசிக்குப் போக வேண்டும்; பல்கலைக்கழகச் சேமிப்பகத்துக்கு இரண்டாவது பிரதி போதும்.